சங்கரன்கோவிலிலிருந்து சிப்பிகுளம்: கடல் புல்லின் குடோனைத் தேடி

எங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்குப் போவதென்றால் திருச்செந்தூருக்குப் போவார்கள். குளிப்பார்கள், சாமி கும்பிடுவார்கள், காலில் ஒட்டிய மணலோடு பஸ் ஏறுவார்கள். சேறு அள்ளுவதற்கென்றே கடலுக்குப் போன முதல் சங்கரன்கோவில் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதுவும் ஒரே இடத்துக்கு இரண்டு தடவை. மழை ஓய்ந்த மார்கழியில் ஒன்று, வெயில் கொளுத்திய சித்திரையில் ஒன்று. நாங்களும் போகலாமா, எப்போது போகலாம் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். பலர் என்றால் இரண்டு பேர். அதில் ஒருத்தி என் அத்தை மகள்.

முதலில் காரணம். என் பெயர் சூர்யா. வகுப்பில் யூரியா. அப்பாவுக்கு உரக்கடை இருப்பதால் கார்த்தி வைத்த பட்டம் அது. அவனுக்கு நான் வைத்த பட்டத்தை எழுதினால் இந்தப் பதிவைக் குடும்பத்தோடு படிக்க முடியாது. அப்போது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு செய்முறைதான் போக முடியும். கார்த்தியிடம் தானாகத் திரும்பும் ரோபோ வண்டி இருந்தது. என்னிடம் வாய் இருந்தது.

கடல் புல் யோசனை ரெஜினா அக்காவிடமிருந்து வந்தது. அவர் சிப்பிகுளம் பக்கத்து வேம்பாற்றுக்காரர், கடல் புல்வெளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் பள்ளிக்கு ஒருநாள் பேச வந்தார். நிலத்துக் காட்டைப் போலவே கடலுக்கடியில் இருக்கும் புல்லும் காற்றிலிருந்து வந்த கார்பனைப் பிடித்து வைக்கிறது, அதில் பெரும்பங்கு இலையில் இல்லை, வேருக்குக் கீழே சேற்றில்தான் இருக்கிறது என்றார். கேட்டபோது எனக்கு எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. இலை என்பது கடை முன்னால் அடுக்கிய மூட்டை. இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். சேறுதான் குடோன். அக்கா கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் பக்கத்து நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்கிறது, வைப்பாறு சிப்பிகுளம் பக்கம் கடலில் சேர்கிறது. "உங்க ஊர் மழைத்தண்ணி எங்க வீட்டு வாசலுக்குத்தான் வருது, தெரியும்லா?" என்றார்.

கரிசல்காட்டுக்காரி நான். கரியைத் தேடி நான் போகாமல் வேறு யார் போவது? உயிரியல் டீச்சரிடம் போய் நின்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தைய வருடம் ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்கு நான் அடையாள அட்டை மாட்டிவிட்டது அவருக்கு மறக்கவில்லை.

"நெட்டுல இருந்து படம் ஒட்டிக் கொண்டு வரதுன்னா வேண்டாம். நீயே போயி, நீயே எடுத்து, நீயே சோதிச்சுக் கொண்டு வா. கோடை லீவு முடியறதுக்குள்ள வரணும். அதுவரைக்கும் இடம் கார்த்திக்குத்தான்."

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து, "கடலுக்குள்ள பயிரா? அதுக்கு யாரு உரம் போடுதா?" என்றார்.

"நாமதான்பா," என்றேன். அப்போது அது ஒரு நக்கல்தான்.

பயண விவரம். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் காலை 5.40 வண்டி. கோவில்பட்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு 35 ரூபாய். அங்கிருந்து விளாத்திகுளம் 30 ரூபாய். விளாத்திகுளத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு நம்பிச் சாப்பிட இடம் குறைவு. சிப்பிகுளத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம், 20 ரூபாய். வண்டி அடிக்கடி கிடையாது. ஒன்றை விட்டால் மறு வண்டி வருவதற்குள் பேருந்து நிறுத்தத்து நாய்களின் உறவுமுறை முழுக்கத் தெரிந்துவிடும். அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. இந்தக் கட்டணமெல்லாம் நாங்கள் போன நாளில் கொடுத்தது, நீங்கள் போகும்போது ஏறியிருக்கலாம்.

மார்கழிப் பயணம் படுதோல்வி. கடல் நீலமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பால் கம்மியாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது. கார்த்திகையில் ஆறு அடித்துக்கொண்டு வந்த மண் இன்னும் படியவில்லை. கரையெல்லாம் கிழிந்த புல் இலைகள், காய்ந்து கறுத்து, பழைய கேசட் டேப்பை உருவிப் போட்ட மாதிரி குவியல் குவியலாகக் கிடந்தன. அப்பா ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "நல்ல தழை உரம் ஆகும்," என்றார். எங்கே போனாலும் கடையைத் திறந்துவிடுவார்.

படகுக்காரர் ராயப்பன் அண்ணன் படகை இறக்க மறுத்துவிட்டார். "இந்தத் தண்ணியில உங்க கையே உங்களுக்குத் தெரியாது. புல்லு எங்கன தெரியும்? போயிட்டு வெயில்ல வாங்க."

எங்களுக்காக வேம்பாற்றிலிருந்து வந்திருந்த ரெஜினா அக்கா எங்களை அந்தக் குவியல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கும், வெளிச்சம் கீழே போகாது, அலையில் இலை கிழியும். புல்வெளி மெலிந்து போகும். கோடையில் தண்ணீர் தெளிந்ததும் வேரிலும் தண்டிலும் சேமித்து வைத்ததைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். அதனால் மார்கழியில் இலையை அளந்தால் ஒரு கணக்கு, சித்திரையில் அளந்தால் வேறு கணக்கு. "இலையப் பாத்துட்டுக் கார்பன் கூடிட்டு, கொறஞ்சிட்டுன்னு சொல்லீரக் கூடாது. அது பருவத்துக்குப் பருவம் ஆடும். சேத்துலதான் நிக்கும்," என்றார்.

எனக்கு அதெல்லாம் புரிந்தது. கார்த்தியின் வண்டி அந்த நேரம் பள்ளி வராந்தாவில் திரும்பிக்கொண்டிருக்கும் என்பதும் புரிந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினோம். மறுநாள் கார்த்தி, "என்ன யூரியா, கடல் கரைஞ்சு போச்சா?" என்றான். அவன் வண்டியின் இடது சக்கரமும் வலது சக்கரமும் அன்றைக்கு எப்படி இடம் மாறின என்பது வேறு கதை.

ஆண்டுத் தேர்வு முடிந்தபின், சித்திரையில் இரண்டாவது பயணம். அதே பஸ், அதே இட்லி, வேறு கடல். கரையில் நின்றபோதே அடி தெரிந்தது. ராயப்பன் அண்ணன் எங்களைப் பார்த்ததும், "வந்துட்டியளா? உரக்கடைக்காரரு விட மாட்டாரு போல," என்று சிரித்தார். படகுக்கு 600 ரூபாய், டீசல் உட்பட. ரெஜினா அக்காவின் ஆராய்ச்சிக்கு முறைப்படி அனுமதி இருந்தது. அவர் சேறு எடுக்கும் இரண்டு இடங்களில் நாங்களும் கூட நின்று எடுக்கலாம் என்று ஏற்பாடு. நீங்களாகப் போய் எதையும் பிடுங்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட கடல், பிடிபட்டால் விளையாட்டாகப் பேசித் தப்ப முடியாது. நானே சொல்கிறேன் என்றால் பாருங்கள்.

முதல் இடம் கரையோரமாகத் தெற்கே, ஆற்று வாயிலிருந்து தள்ளி. இடுப்பளவுத் தண்ணீர். முகமூடி மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

அங்கே ஒரு வயல் இருந்தது. உண்மையான வயல். மெல்லிய நாடா மாதிரி இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. நடுவில் சின்ன மீன்கள், எங்கள் ஊரில் நெல்லுக்குள் தவளை போவது மாதிரிப் போயின. ஒரு கடலட்டை புழுதியில் புரண்ட கத்தரிக்காயைப் போலப் படுத்திருந்தது. படமெடுத்து வகுப்புக் குழுவில் "கார்த்தி தூங்கும்போது" என்று போட்டேன். கடமையை மறக்கக் கூடாது. ஆனால் இலைகள் பார்க்க அவ்வளவு செழிப்பாக இல்லை. அங்கங்கே மணல் தெரிந்தது, நிறமும் ஒரு மாதிரி பழுப்பு கலந்த பச்சை.

இரண்டாவது இடம் ஆற்று வாய்க்குப் பக்கத்தில். ஆழம் அதேதான். மணலும் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்கும்படி அக்கா தேர்ந்தெடுத்திருந்தார். படகிலிருந்து எட்டிப் பார்த்ததும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆடியது.

"ஏட்டி, இங்கன பாரு. என்ன பச்சை! இதுல்லா பயிரு. அங்கன பாத்தது நோஞ்சான்."

உண்மையிலேயே பச்சை. கண்ணைக் கூசும் பச்சை, மெத்தை மாதிரி. முப்பது வருடமாக இலையின் நிறத்தைப் பார்த்தே எந்த வயலுக்கு என்ன குறை என்று சொல்கிறவர் அப்பா. எங்கள் ஊரில் கரும்பச்சைப் பயிரைப் பார்த்தால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் அக்கா கொண்டுவந்த குழாயை அடித்து இறக்கி, சேற்றை அப்படியே உருளையாக உருவி எடுத்தோம். சுத்தியல் பிடித்தது அப்பா. டப்பாவில் பேனாவால் எழுதியது நான். ஆற்று வாய்ச் சேற்றுக்கு "நல்லது". தெற்கே எடுத்ததற்கு "நோஞ்சான்". ரெஜினா அக்கா அதைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சிரித்துக்கொண்டே, "சோதிச்சுட்டுப் போன் பண்ணு," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு சம்பவம். சேற்று டப்பாக்களில் ஒன்று என் மடியில் இருந்தது. நடத்துனர் எந்த ஊர் என்று கேட்டார். சங்கரன்கோவில் என்றார் அப்பா. எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம்.

"டப்பாவுல என்ன பாப்பா?"

"மண்ணு அண்ணே."

"கோயில் புத்துமண்ணா?" என்றவர் பயபக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்தார். கடல் சேற்றுக்கு அழுகிய முட்டை வாடை. பின்சீட்டு வரை போனது. அவர் மூடியை மெதுவாக மூடி, "ஆத்தா ஏதோ கோவத்துல இருக்கா போல," என்றார். அப்பா விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கோவில்பட்டி வரை என் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. கூட்டமான வண்டியில் வசதியாக வர நினைப்பவர்களுக்கு இது ஒரு குறிப்பு.

ஊரில் சேற்றை உப்புப் போகப் பலதடவை கழுவி நிழலில் உலர்த்தினோம். உப்பு இருந்தால் சோதனையில் கணக்குத் தப்பும் என்று அக்கா சொல்லியிருந்தார். பிறகு அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். வயல் மண்ணில் கரிமச் சத்து, அதாவது கார்பன், பார்க்கிற அதே சோதனை. அங்கிருந்தவர் குனிந்தபடியே கேட்டார்.

"சர்வே நம்பர்?"

"கடல்," என்றார் அப்பா.

"என்ன பயிரு?"

"புல்லு."

அவர் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, கடையில யாவாரம் இல்லையா?"

முடிவு வந்த அன்று நான் டீச்சரிடமே ஓடத் தயாராக இருந்தேன். படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். "நோஞ்சான்" டப்பாவில் கரிமம் அதிகம். "நல்லது" டப்பாவில் குறைவு. அப்பா என்னைத்தான் முறைத்தார்.

"டப்பாவ மாத்தி எழுதிட்டியா? இதுலயுமா உன் வெளையாட்டு?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். செய்கிற குறும்புக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். செய்யாததற்கு வாங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை, வலித்தது. இரண்டு டப்பாவிலும் மிச்சமிருந்த சேற்றைக் கொடுத்து மறுபடி சோதித்தோம். அதே முடிவு. டீச்சர் குறித்த கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு ரெஜினா அக்காவை அழைத்தேன்.

"நீங்க பாத்த பச்சை புல்லு இல்ல. பாசி," என்றார் அக்கா.

மழையில் ஆறு ஊர்ச் சாக்கடையிலிருந்தும் வயல் உரத்திலிருந்தும் கொண்டுவருகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் கடலுக்கு வந்ததும், தழைக்க வேண்டிய புல்லை முந்திக்கொண்டு பாசி தழைக்கிறது. இலைமேல் போர்வை போர்த்துகிறது. சித்திரை வெயில் மேலே அடித்தாலும் கீழே புல்லுக்கு வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாத புல் வேருக்கு அனுப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. அதாவது குடோனுக்குப் புதுச் சரக்கு வரவில்லை. இது பாதிதான். மறுபாதி இன்னும் மோசம். சேற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிரிகளுக்கும் அந்தச் சத்து தீனி. அவை பெருகி, பல காலமாக அங்கே கிடக்கிற பழைய கார்பனையும் தின்று வெளியே விடுகின்றன.

"அப்பம் குடோனுக்குள்ள எலியைக் கொழுக்க வச்ச மாதிரி," என்றேன்.

அக்கா, "இத நான் என் அடுத்த கூட்டத்துல சொல்லிக்கிடட்டுமா?" என்று கேட்டார். இதைத் தடித்த எழுத்தில் போட நினைத்தேன், அடக்கம் தடுத்தது.

அப்பா பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்க அட்டை எழுத உட்கார்ந்தேன். "சத்து எங்கிருந்து வருகிறது?" என்ற தலைப்பின் கீழே "ஊர்க் கழிவுநீர்" என்று எழுதினேன். அது உண்மைதான். வழிநெடுக எத்தனை ஊர்ச் சாக்கடை அந்த ஆற்றில் கலக்கிறது. ஆனால் அடுத்து எழுத வேண்டிய வார்த்தைக்குக் கை போகவில்லை. கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்பாவிடம் மூட்டை வாங்குகிறவர்கள். அவர் மகளே அவர் சரக்கைக் குற்றம் சொல்லி அட்டை பிடித்து நிற்பாளா? எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கும், சிப்பிகுளத்துப் புல்லுக்கும் மட்டும்தான் தெரியும்.

கடை அடைத்துவிட்டு வந்த அப்பா அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கழிவுத்தண்ணி மட்டுந்தானா? அந்தப் புள்ள உரமும்னுல்லா சொல்லிச்சு."

"கடைக்கு வாரவங்க பாப்பாங்கப்பா."

"கடை எனக்கு. அட்டை உனக்கு. உள்ளத எழுது." பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எத்தன மூட்டை போடணும்னு சொல்லுதது நான்தான. எப்பம் போடக் கூடாதுன்னும் நானே சொல்லிக்கிடுதேன்."

"மழைக்கு முன் வயலில் இடும் உரம்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் நேரான வரி அதுவாகத்தான் இருக்கும்.

டீச்சர் இரண்டு டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லது" என்பதை நான் அடிக்கவுமில்லை, மாற்றி ஒட்டவுமில்லை. நாங்கள் ஏமாந்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். "இதுக்குத்தான் நீயே போன்னு சொன்னேன்," என்றார். இடம் எனக்குக் கிடைத்தது. கார்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டியது அவன்தான். "யூரியாவே யூரியாவப் போட்டுக் குடுத்துட்டா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே தூக்கினான்.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் மடக்கினார். "ரெண்டே ரெண்டு இடம். இத வச்சு எப்படிம்மா முடிவு சொல்லுவே?"

"முடிவு சொல்லல சார். ரெண்டு எடத்துக்கும் வேற வித்தியாசமும் இருக்கலாம். மழைக்கு முன்னால, பின்னால, நெறைய எடத்துல எடுக்கணும். ஆனா பச்சையா இருந்தா நல்லா இருக்குன்னு நாங்க நெனச்சது தப்புன்னு மட்டும் உறுதியாச் சொல்லுவேன்."

இரண்டாம் பரிசு. நடுவர் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அப்பா எங்கள் மேசைக்கு எதிரே நின்று, தன் வாடிக்கையாளர்கள் நான்கு பேரைப் பிடித்து வைத்து, எலிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகச் சொன்னார். பரிசை விட்டுவிட்டு அதைத்தான் நான் படம் பிடித்தேன்.

நீங்கள் போவதாக இருந்தால் மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை போங்கள். வைகாசியில் காற்று ஏறிவிடும், கடல் கலங்கும். காலையிலேயே தண்ணீரில் இறங்குங்கள், வெயில் உச்சிக்கு வருமுன் கரை ஏறிவிடுங்கள். புல்மேல் நடக்காதீர்கள், நங்கூரத்தை மணல் திட்டில் போடச் சொல்லுங்கள். ஒரு கால்தடம் பட்டாலும் ஆறுவதற்கு வெகுநாள் பிடிக்கும் என்றார் அக்கா. எங்கள் இருவருக்கும் ஒருநாள் செலவு, பஸ், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய்க்குள் முடிந்தது. மார்கழியிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த டீ நிறத் தண்ணீரில் உங்கள் ஊரும் கரைந்திருக்கிறது என்பது தெரியும்.

இதை எழுதுவது ஐப்பசியில், கடையில் உட்கார்ந்து. மேற்கே புளியங்குடிப் பக்கம் மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம். சற்றுமுன் திருவேங்கடத்திலிருந்து ஒரு பெரியவர் பைக்கில் வந்து, மக்காச்சோளத்துக்கு யூரியா இரண்டு மூட்டை கேட்டார். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"மேக்க பாரும். பெருமழை வருது. இப்பம் போட்டா ஒம்ம பயிருக்குச் சேராது, சிப்பிகுளத்துக்குத்தான் சேரும். மழை விட்டதும் ஈரத்துல போடும், பாதி போதும்."

"யாவாரத்த வேண்டாம்னு சொல்லுத ஆளை இன்னைக்குத்தான் வே பாக்கேன்," என்றார் அவர். "சிப்பிகுளத்துல யாரு இருக்கா ஒமக்கு?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"எம் மக அங்கன ஒரு குடோன் வச்சிருக்கா."